பெங்களூரா சீசனில் ஒரு ரோல் பேக்

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலை.
இரவு பதினொன்று நாற்பது.
எடை மேடையைத் தாண்டி நிற்கிறது லாரி,
உள்ளே எண்பது டிரம்,
காலையில் சென்னைத் துறைமுகத்தில் இறங்க வேண்டியவை.
இ-வே பில் இல்லாமல் கேட் திறக்காது.
என் லேப்டாப்போ
நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை
வைஃபை என்றொரு பொருள் உலகில் இருப்பதையே
மறந்துபோகிறது.

நேற்றுவரை இப்படி இல்லை.
நேற்று நான் கிளம்பிய பிறகு
யாரையும் கேட்காமல்
தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது.

மோடத்தை அணைத்துப் போட்டேன்.
போனில் ஹாட்ஸ்பாட் வைத்தேன்,
அதற்கும் அதே வாசல்தானே, அதுவும் அறுந்தது.
இருக்கிற ஒரே கேபிள் சார்ஜ் ஏற்றும், பேசாது.
ஷிப்ட் சூப்பர்வைசர் ஜெயசீலி வந்து
லேப்டாப்பின் முதுகைத் தொட்டுப் பார்த்து
"காய்ச்சல் அடிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"டிரைவர் மாறிடுச்சு" என்றேன், எனக்கே.
ஜன்னலுக்கு வெளியே பீடியோடு நின்ற திம்மராயன்
"நான்தானுங்களே வண்டிக்கு, மாறலையே" என்றார்.
"உங்கள இல்லீங்க. இதுக்குள்ள ஒருத்தர், வைஃபைய ஓட்டறவர்.
புதுசா வந்தவருக்கு வழி தெரியல."
"பழைய ஆளு?"
"உள்ளேதான் உக்காந்திருக்கார்."
"அப்பக் கூப்பிடுங்க.
விடியறதுக்குள்ள நான் வாலாஜா தாண்டணும்."

டிவைஸ் மேனேஜர். நெட்வொர்க் அடாப்டர். வலது கிளிக்.
டிரைவரின் தேதி: போன மாதம்.
கீழே ரோல் பேக்,
நல்லவேளை, சாம்பல் பூக்காமல்
அழுத்தக்கூடிய கறுப்பில்.

அழுத்தினேன்.
உடனே செய்துவிடவில்லை அது.
கேட்டது:
ஏன் பின்னால் போகிறீர்கள்?

செயலிகள் இதனோடு ஒத்துப்போகவில்லை.
முந்தையது அதிகம் நம்பும்படி இருந்தது.
முந்தையது வேகமாக இருந்தது.
வேறு காரணம்.

பிப்ரவரியில், கிருஷ்ணகிரி இ-சேவை மையத்தில்,
பெயருக்கு முன்னால் ஏழு வருடம் இருந்த 'கோ'வை எடுத்துவிட்டு
பழையபடி 'ப' போடச் சொன்னேன்.
கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் தலை நிமிராமல்
"காரணம்க்கா?" என்றான்.
பின்னால் பதினோரு பேர்.
ஒரு பெண்மணி
தன் டோக்கனைப் பார்க்கிற மாதிரி
என் கழுத்தைப் பார்த்தாள்.
வேறு காரணம் என்றொரு கட்டம் அங்கே இல்லை.
எழுத்துப் பிழை என்று அவனே போட்டுக்கொண்டான்.
நான் திருத்தவில்லை.

இப்போது
இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.
அது வைஃபைக்குச் சொன்னது, அவ்வளவுதான்.
'ப'வை நம்பி நான் திரும்பவில்லை.
அந்த 'ப'தான் அவசரமாகக் கையெழுத்துப் போட்டு
என்னைக் 'கோ'விடம் அனுப்பிவைத்தது.
மூன்றாவதாக ஓர் எழுத்து
எனக்கென்று பட்டியலில் இல்லை,
அதனால் எடுத்தது.

திரை கறுத்தது.
பழக்கூழ் வேகும் புளித்த இனிப்பு
ஃபேன் காற்றில் வந்து போனது.
திரை வந்தது. சின்ன விசிறி போல வைஃபை குறி.
நான்கு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஐந்து,
ஆறாவதில்தான் பாஸ்வேர்டு அடிக்கத் துணிந்தேன்.

பன்னிரண்டு இருபத்தாறுக்குப் பில்.
நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர் கேட்டார்:
"அந்தப் புது ஆளு?"
"திரும்ப வருவாருங்க. விட்டா நாளைக்கே வந்து சீட்டுல உக்காந்துக்குவாரு."
"வேணாம்னு சொல்ல முடியாதா?"
"தள்ளிப் போடலாம்."

லாரியின் பின்விளக்கு வளைவில் மறைந்த பிறகு
அப்டேட்டை நிறுத்திவைக்கும் இடத்துக்குப் போனேன்.
ஐந்து வாரம்தான் அதிகபட்சமாம்.
பெங்களூரா வரத்தும் இனி ஐந்து வாரம்தான்.
தேதியைப் போட்டேன்.

"காய்ச்சல் விட்டுச்சா?"
கதவருகே ஜெயசீலி, கையில் இரண்டு டீ.
தொட்டுப் பார்த்தேன்.
சூடு அப்படியேதான் இருந்தது.